சிறைக்காட்சியில் ஒரு மௌனம்

1886 செப்டம்பர் 14, செவ்வாய்

காலையில் முட்டையும் டோஸ்டும் வந்த தட்டிலேயே ஒரு கடிதமும் வந்தது. மேலே கலிஸ்டோ தியேட்டரின் முத்திரை. "அன்புள்ள திருமதி லோரிமர், புதிய நாடகத்தின் ஒத்திகை வரும் திங்கட்கிழமை காலை தொடங்குகிறது என்பதைத் தங்களுக்குத் தெரிவித்துக்கொள்கிறேன். தங்கள் உண்மையுள்ள, அம்ப்ரோஸ் கார்ஸ்டன்."

தெரிவித்துக்கொள்கிறாராம்! பதினெட்டு வருஷமாக அந்த மனிதருக்கு ஜோடியாக நடிக்கிறேன். அவர் கையால் எத்தனை முறை குத்துப்பட்டிருக்கிறேன், எத்தனை முறை அவர் மடியில் விழுந்து செத்திருக்கிறேன், கணக்கே இல்லை. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் மாடிப்படியில் நின்று, அகஸ்டாவைச் சுருக்கி, "கஸ்ஸீ!" என்று கட்டடமே அதிரக் கத்துவார். நேற்றுகூட மூன்று அங்கம் ஒரே மேடையில் நின்றோம். அப்போது சொல்ல வாய் வரவில்லையா? தியேட்டர் குத்தகை அவருடையது, கம்பெனி அவருடையது, எல்லாரும் அவரை முதலாளி என்றுதான் கூப்பிடுகிறோம். சரி. ஆனால் நான் எப்போதிருந்து அவருக்குத் திருமதி லோரிமர்?

கையெழுத்து மட்டும்தான் அவருடையது. மற்றதெல்லாம் ஓட்லி எழுதியது. ஓட்லி அவருடைய காரியதரிசி. பிரபுக்களுக்கும் ஓவியர்களுக்கும் இலவச டிக்கெட் கேட்கிற பாதிரியார்களுக்கும் நாள் முழுக்க முதலாளி பெயரில் பதில் எழுதுவதுதான் அவன் பிழைப்பு. இப்போது அந்த வரிசையில் நானும் சேர்ந்துவிட்டேன் போலிருக்கிறது.

செப்டம்பர் 17, வெள்ளி

சாயங்காலம் மேடைக்குப் பின்னால் அவருக்குக் கிட்டத்தில் நின்று, "அம்ப்ரோஸ், ஒரு நிமிஷம்" என்றேன். திரும்பவே இல்லை. விறுவிறுவென்று நடந்து போய்விட்டார். தச்சர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

எனக்கு உடை மாட்டிவிடும் ஸ்டெபிங்ஸ் இடுப்பு நாடாவை இழுத்துக்கொண்டே ஆரம்பித்தாள்.

"புது நாடகத்துல ஹெஸ்டர் பொண்ணுக்கும் வேஷமாமே அம்மா."

"எந்த ஹெஸ்டர்?"

"அதான், ஈஸ்டருக்கு வந்து சேர்ந்துச்சே, மிஸ் டோல். மேடையில தட்டைக் கொண்டுவந்து வச்சுட்டுப் போவுமே, அது. இப்ப தினமும் காலைல முதலாளி ரூம்ல பாடமாம். கதவைச் சாத்திக்கிட்டு."

"ஓட்லியும் உள்ளதானே இருப்பான்?"

"இருப்பாரு. இருந்தா என்ன? அவரு நாற்காலி மாதிரி. இருந்தாலும் இல்லாததுதான்."

எனக்கு நாற்பத்து நான்கு வயது. பத்திரிகைக்காரர்களுக்கு முப்பத்தேழு. அந்தப் பெண்ணுக்கு இருபது இருக்குமா?

செப்டம்பர் 20, திங்கள்

ஒத்திகை. நாடகத்தின் பெயர் 'கோட்டைக்குள் குளிர்காலம்'. அவர் சிறைப்பட்ட கோமான், நான் அவன் மனைவி. நாலாம் அங்கத்தில் சிறைக்குள் வந்து, சரணடைந்துவிடச் சொல்லி அவனைக் கெஞ்சுகிறேன். நீளமான பேச்சு. "என் பிள்ளைகளுக்கு அப்பன் வேண்டும், கொடி வேண்டாம்" என்று முடியும். அவன் மறுக்கிறான். மொத்த நாடகமும் அந்த ஒரு இடத்தில்தான் இருக்கிறது. பேச்சை இரண்டு முறை படித்தேன். சந்தேகப்பட்டது தப்பு, நல்ல வேஷம்தான் கொடுத்திருக்கிறார் என்று நினைத்தேன். அந்த நினைப்பு மத்தியானம் வரைக்கும்தான்.

"கஸ்ஸி, பேச்சு முழுக்க நீ என் முன்னாடி மண்டியிட்டு, என் முகத்தைப் பார்த்துத்தான் பேசணும்" என்றார்.

"அப்ப ஜனங்க எதைப் பார்ப்பாங்க? என் கொண்டையையா?"

சிரிக்கவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டு, "உன் குரலே போதும்" என்றார்.

குரலே போதுமாம். முகம் வேண்டாமாம்! அதோடு விட்டாரா? ஜெயிலர் மகளாக ஹெஸ்டர் டோல். எனக்குப் பின்னால், சிறைக் கதவருகே, கையில் லாந்தரோடு நிற்கிறாள். அந்தக் காட்சியில் அவளுக்கு ஒரு வார்த்தைகூட இல்லை. ஆனால் கடைசி வரை நிற்கிறாள், லாந்தர் வெளிச்சம் அவள் மூஞ்சியில். என் பேச்சு முடிந்ததும் லாந்தரை மெல்லக் கீழே இறக்குகிறாள்.

"அவ எதுக்கு அங்க?" என்றேன்.

"சிறைன்னா வெளிச்சம் வேணும்ல" என்றார்.

எனக்கு வயிறு எரிந்தது. ஜனங்கள் என் முதுகையும் அவள் முகத்தையும் பார்க்கப் போகிறார்கள். இருபது வருஷமாக மேடையில் இருக்கிறவளுக்கு இது என்ன வேலை என்று தெரியாதா? ஒரு நடிகையை வெளியே அனுப்ப யாரும் 'போ' என்று சொல்வதில்லை. முதலில் வெளிச்சத்தை நகர்த்துவார்கள்.

செப்டம்பர் 26, ஞாயிறு

நேற்று ஆட்டம் முடிந்து மேடையிலேயே விருந்து. வழக்கமான கூட்டம்தான் — ஒரு நீதிபதி, இரண்டு ஓவியர்கள், கட்டடத்தின் சொந்தக்காரரான லார்ட் ஹார்விங்டன், அவர் மனைவி. முதலாளிக்கு வலப்பக்கம் எப்போதும் என் இடம். நேற்று அங்கே ஹெஸ்டர். என்னை மேசையின் அந்தக் கோடியில் ஒரு பிஷப்பின் மருமகனுக்குப் பக்கத்தில் போட்டிருந்தார்கள். அந்த ஆள் மூன்று வகைச் சாப்பாடு முடிகிற வரைக்கும் தேனீ வளர்ப்பைப் பற்றியே பேசினான்.

நான் அவர்களைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் அவர் பக்கம் சாய்ந்து சாய்ந்து ஏதோ சொல்கிறாள். நீதிபதி ஒரு ஜோக் அடித்தார், எல்லாரும் சிரித்து ஓய்ந்தோம். அதற்கப்புறம் முதலாளி சிரிக்கிறார்! புத்தி எங்கேயோ இருக்கிற மனுஷன்தான் அப்படிச் சிரிப்பான். மனைவி இறந்து ஒன்பது வருஷம் துறவி மாதிரி இருந்தவர். வயசு ஐம்பத்தாறு. வெட்கமே இல்லையா?

அக்டோபர் 3, ஞாயிறு

லேடி ஹார்விங்டன் வீட்டு ஞாயிற்றுக்கிழமை வரவேற்பு. நடிகைகளை முன்வாசல் வழியாக உள்ளே விடுகிற வீடுகள் லண்டனில் அதிகம் இல்லை. என் அம்மாவும் நடிகைதான். அவள் பெரிய வீடுகளுக்குள் போனதெல்லாம் வேலைக்காரர் வாசல் வழியாக, பாட்டுப் பாடிவிட்டுச் சமையற்கட்டில் சாப்பிட்டுவிட்டு வருவாள். நான் அந்த வரவேற்பறையில் நீலச் சோபாவில் உட்கார்ந்து டீ குடிக்கிறேன். அதனால் ஒரு ஞாயிறுகூடத் தவறவிடுவதில்லை.

லேடிதான் ஆரம்பித்தாள். "என்ன அகஸ்டா, உங்க முதலாளி அன்னிக்கு அந்தச் சின்னப் பொண்ணை விட்டுக் கண்ணையே எடுக்கல?"

"நான் ஒண்ணும் சொல்லல லேடி ஹார்விங்டன். தினமும் காலைல பாடம் நடக்குது. கதவு சாத்தியிருக்கும். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. வீட்டுக்கு வந்ததும் ஏனோ டீ நெஞ்சைக் கரித்தது.

அக்டோபர் 7, வியாழன்

கையும் களவுமாகப் பார்த்துவிட்டேன்.

அவர் அறைக் கதவில் கண்ணாடி உண்டு. உள்ளே திரை சரியாக மூடவில்லை. ஓட்லி மூலையில் எழுதிக்கொண்டிருந்தான். ஜன்னல் பக்கம் அவரும் அவளும் எதிரும் புதிருமாக, முழங்கால் முட்டுகிற நெருக்கத்தில். அவள் பேசவே இல்லை. சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைக்கிறாள். அவர் அந்த உதட்டையே, அந்த உதட்டை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒரு சின்னப் பையன் மிட்டாய்க் கடையைப் பார்க்கிற பார்வை. அப்புறம் அவர் ஏதோ சொன்னார். அவள் கைதட்டிச் சிரித்தாள்.

என்ன கண்றாவி இது? ஓட்லியை வைத்துக்கொண்டே!

அக்டோபர் 12, செவ்வாய்

மறுபடி கடிதம். இரண்டாம் அங்கத்தில் நான் மேடைக்கு வருவதற்கு முன் திரைக்குப் பின்னாலிருந்து பேசும் வரிகள் எல்லாம் நீக்கப்பட்டனவாம். "ஆட்டத்தின் வேகம் கருதி." நானும் கடிதமே எழுதினேன்: "அன்புள்ள திரு. கார்ஸ்டன், வேகம் கருதி என்னையும் மொத்தமாக நீக்கிவிடலாமே. தங்கள் உண்மையுள்ள." ஒரே கட்டடத்தில் ஒரு மாடி வித்தியாசத்தில் இருந்துகொண்டு இரண்டு பேரும் ஸ்டாம்ப் ஒட்டாத குறை.

பதில் இல்லை.

அக்டோபர் 19, செவ்வாய்

தாழ்வாரத்தில் ஹெஸ்டரை மடக்கினேன்.

"நல்லா முன்னுக்கு வர்றே. சீக்கிரமா வேற."

அவள் முகம் சிவந்துவிட்டது. "நீங்க நினைக்கிற மாதிரி இல்ல மேடம்."

"நான் என்ன நினைக்கிறேன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"எல்லாரும் அதைத்தானே பேசறாங்க. நான் சொல்லிடுவேன் மேடம், ஆனா சொல்ல மாட்டேன்னு முதலாளிகிட்ட சத்தியம் பண்ணியிருக்கேன்."

சத்தியம்! நான் கேட்காமலே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது. சத்தியம் செய்து மறைக்கிற மாதிரி உலகத்தில் வேறு என்ன விஷயம் இருக்கிறது?

அக்டோபர் 24, ஞாயிறு

ஏழைப் பிள்ளைகளுக்கான நிதிக்கு ஒரு கவிதை வாசிப்பு வைத்திருக்கிறாள் லேடி ஹார்விங்டன். ஹெஸ்டர் வாசிப்பதாக இருந்தது. இப்போது வேறொருத்தி வாசிக்கிறாள். லேடி என் கையைத் தட்டிக்கொடுத்து, "நீ சொன்னது நல்லதாப் போச்சு" என்றாள்.

நான் என்ன சொன்னேன்? நான் ஒன்றுமே சொல்லவில்லையே.

அக்டோபர் 29, வெள்ளி

கடைசி ஒத்திகை. மண்டியிட்டேன், முகத்தைப் பார்த்துப் பேசினேன், லாந்தர் இறங்கியது, அவர் பதில் சொன்னார். வெறும் நாற்காலிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த இரண்டு ஓவியர்களில் ஒருவன் முடிந்ததும் வந்து, "அந்த லாந்தர் பொண்ணு அற்புதம்" என்றான். என்னிடமே!

ஒரு யோசனை வந்திருக்கிறது. எழுத மாட்டேன். நாளைக்கு முதல் ஆட்டம்.

அக்டோபர் 31, ஞாயிறு

எங்கிருந்து ஆரம்பிப்பது? காலையிலிருந்து ஒரு வாய் சாப்பிடவில்லை.

நேற்று மூன்று அங்கமும் நன்றாகவே போயின. அரங்கம் நிரம்பி வழிந்தது. நாலாம் அங்கம். சிறை. அவர் தூணோடு சங்கிலியில். கதவருகே லாந்தரோடு அவள். நான் உள்ளே வந்தேன். மண்டியிட வேண்டிய இடம். மண்டியிடவில்லை. ஹெஸ்டர் பக்கம் திரும்பி, கோமானின் மனைவி ஜெயிலர் மகளிடம் எப்படிப் பேசுவாளோ அப்படி, "பெண்ணே, எங்களைத் தனியே விடு" என்றேன்.

நாடகத்தில் அப்படி ஒரு வரியே இல்லை. ஆனால் ஜனங்களுக்கு அது தெரியாதே. மேடையில் ஒரு சீமாட்டி போ என்றால், ஆயிரம் பேர் பார்த்துக்கொண்டிருக்க, அந்தப் பெண் என்ன செய்ய முடியும்? அவள் முகம் வெளுத்துப்போயிற்று. தலையை லேசாக ஆட்டினாள், வேண்டாம் என்பது போல. எனக்கு உள்ளுக்குள் ஒரே ஆனந்தம். "காதில் விழவில்லையா? போ" என்றேன். லாந்தரை அங்கேயே வைத்துவிட்டு அவள் போனாள்.

அப்புறம் நான் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேடை விளிம்புக்கு வந்தேன். விளக்குகள் என் முகத்துக்கு நேரே. பேசினேன் பாருங்கள், அப்படி நான் பேசியதே இல்லை. மேல் மாடத்தில் ஒருத்தி விம்முவது கேட்டது. "என் பிள்ளைகளுக்கு அப்பன் வேண்டும், கொடி வேண்டாம்." முடித்தேன். அரங்கம் மூச்சுவிடவில்லை.

அவர் பதில் சொல்ல வேண்டும். சொல்லவில்லை.

கோபம், வேண்டுமென்றே என்னைத் தவிக்கவிடுகிறார் என்று நினைத்தேன். பிராம்ப்டர் பக்கவாட்டிலிருந்து வரியை எடுத்துக் கொடுத்தான், எனக்கே கேட்டது. இன்னொரு முறை, இன்னும் சத்தமாக. அவர் வாய் திறக்கவில்லை. திரும்பிப் பார்த்தேன்.

பார்த்ததும் தெரிந்துவிட்டது. அவர் என் வாயைத் தேடிக்கொண்டிருந்தார். நான் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்துக் காத்திருக்கிறார். அந்தக் கண்ணில் இருந்த பயத்தை நான் எந்த மனுஷனிடமும் பார்த்ததில்லை. கடவுளே — இவருக்குக் காது கேட்கவில்லை.

மாடிப்படியில் கூப்பிடாதது, கடிதம், வலப்பக்க இருக்கை, தாமதமான சிரிப்பு, என் வாயையே பார்த்தது, திரைக்குப் பின்னால் பேசுகிற வரிகள் போனது, என் பேச்சு முடிந்ததென்று அவருக்குச் சைகையாக இறங்கிய லாந்தர். எல்லாம் ஒரே நொடியில். நான் எவ்வளவு பெரிய முட்டாள்!

ஓடினேன். ஓடியதாகத்தான் ஸ்டெபிங்ஸ் சொல்கிறாள். அவர் முன்னால் மண்டியிட்டு, அவர் கையைப் பிடித்து, முகத்துக்கு நேரே அந்தக் கடைசி வரியை மெதுவாக மறுபடி சொன்னேன். சொல்லி முடித்ததும் கையை அழுத்தினேன். "வேண்டாம், கண்ணே" என்று அவர் தன் பேச்சை ஆரம்பித்தார். திரை விழுந்ததும் கைதட்டலில் கட்டடமே ஆடியது. அது அவருக்குக் கேட்டிருக்குமா?

ராத்திரி விருந்தில் அவரிடம் தனியாக ஒரு வார்த்தை பேச முடியவில்லை. இன்று காலை புளூம்ஸ்பரியில் அவர் வீட்டுக்குப் போனேன். ஜன்னலோரம் வெளிச்சத்தில் என்னை உட்காரச் சொன்னார்.

"எப்பலேருந்து?"

"பிப்ரவரி. இடது காது சுத்தமாப் போச்சு. வலதுல கொஞ்சம் இருக்கு, அதுவும் தேய்ஞ்சுட்டே வருது. ரெண்டு டாக்டரும் கையை விரிச்சுட்டாங்க."

"அந்தப் பொண்ணு?"

"அவ அப்பா கொதிகலன் பட்டறையில வேலை பார்த்தவர். அங்க வேலை செஞ்ச எவனுக்கும் காது மிஞ்சாது. சின்ன வயசுலேருந்து வீட்டுல வாயசைச்சே பேசிப் பழகினவ. என்னைப் பார்த்ததும் கண்டுபிடிச்சுட்டா. உதட்டைப் படிக்கச் சொல்லிக்கொடுக்கிறா. நான் மக்கு மாணவன்."

எனக்குக் கோபம் வந்தது. அவரை நான் ஒருபோதும் நீ என்று சொன்னதில்லை. இன்று சொன்னேன்.

"ஈஸ்டருக்கு வந்தவகிட்ட சொன்னே. அந்த ஓட்லிகிட்ட சொன்னே. என்கிட்ட சொல்லல நீ. பதினெட்டு வருஷம், அம்ப்ரோஸ்!"

"கோவிச்சுக்காதே கஸ்ஸி. உன்கிட்ட சொன்னா மறுநாள் கோவென்ட் கார்டன்ல முட்டைக்கோஸ் விக்கிறவன் என்னை நலம் விசாரிப்பான். ஞாயிற்றுக்கிழமை லேடி ஹார்விங்டனுக்குத் தெரியும், திங்கட்கிழமை அவ புருஷனுக்கு. வருஷக் கடைசில குத்தகை முடியுது. காது கேட்காத நடிகனுக்கு எவன் தியேட்டர் குடுப்பான்? அதை நம்பி எத்தனை குடும்பம் இருக்கு, யோசிச்சுப் பாரு."

என் ஓட்டை வாய் லண்டனுக்கே தெரியும். உண்மையை யாராவது முகத்துக்கு நேரே சொன்னால் இப்படித்தான் வலிக்கும் போல.

"இன்னொண்ணு" என்றார். "உனக்குத் தெரிஞ்சா என்மேல இரக்கப்படுவே. மேடையில நீ என்னைச் சும்மா விடாம முட்டி மோதறதாலதான் நான் இன்னும் நடிக்கிறேன். அது போயிட்டா என்கிட்ட ஒண்ணும் இல்ல."

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"திரும்பாதே, கஸ்ஸி. நீ என்ன சொல்றேன்னு தெரியல."

"ஒண்ணும் சொல்லல" என்றேன், அவர் பக்கம் திரும்பி. "அழறேன். அவ்வளவுதான்."

நவம்பர் 3, புதன்

பத்திரிகைகள் எல்லாம் அந்த மௌனத்தைத் தூக்கி வைத்துக் கொண்டாடுகின்றன. "கார்ஸ்டன் தன் வாழ்நாளில் இவ்வளவு துணிச்சலான இடைவெளியை எடுத்ததில்லை." படித்துவிட்டு ஸ்டெபிங்ஸ் முன்னால் விழுந்து விழுந்து சிரித்தேன், காரணம் சொல்ல முடியாமல். இனி தினமும் அந்த மௌனம் வேண்டும் என்று ஓட்லி வந்து கெஞ்சுகிறான், டிக்கெட் அதற்காகவே போகிறதாம்.

ஆக தினமும் மௌனம். அது முடிந்ததும் நான் ஓடிப்போய் அவர் கையைப் பிடிக்கிறேன். மற்ற அங்கங்களிலும் சாக்குக் கிடைக்கிற இடத்திலெல்லாம் கை, தோள், முழங்கை. பேச்சு முடிந்தால் ஓர் அழுத்தல். லாந்தரை விட இது சுலபமாக இருக்கிறது என்கிறார்.

நவம்பர் 10, புதன்

ஹெஸ்டரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"நீங்க போன்னு சொன்னதும் நான் போயிருக்கக் கூடாது மேடம்" என்றது அந்தப் பைத்தியம்.

"போகாம என்ன பண்ணுவே? மேடையில உட்கார்ந்து அடம் பிடிப்பியா?"

சிரித்துக்கொண்டே அழுதாள். அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. அவள் தங்கியிருக்கும் பெண்கள் விடுதியில் மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லியிருக்கிறார்கள். "இந்த மாதிரிப் பேரு உள்ள பொண்ணை வச்சுக்க முடியாது" என்றாளாம் விடுதிக்காரி. விடுதிக்காரிக்கு யார் சொன்னது? லேடி ஹார்விங்டனின் நிதியில் அவளும் ஓர் உறுப்பினர்.

அவள் சத்தியத்தைக் காப்பாற்றியிருக்கிறாள். அதற்கு நான் கொடுத்த பரிசு இது. என் நாக்கை இழுத்துவைத்து அறுத்தால் என்ன?

நவம்பர் 16, செவ்வாய்

"ஜனங்க உங்களையும் முதலாளியையும் பத்திப் பேசறாங்க அம்மா" என்றாள் ஸ்டெபிங்ஸ். "நாலு அங்கமும் கையை விடலியாம் நீங்க. திருமதி லோரிமர் இப்ப ஜனங்களைப் பார்த்தே நடிக்கறதில்ல, பக்கவாட்டு மூஞ்சிதான் தெரியுதுன்னு ஒரு பத்திரிகையில வேற போட்டிருக்கான்."

உண்மைதான். என் முழு முகத்தை அந்த மௌனத்துக்கு முந்திய பேச்சில் மட்டும்தான் பார்க்கிறார்கள். மற்ற நேரமெல்லாம் அது அவருக்கு.

வயிறு எரிகிறதா? எரிகிறது. பொய் சொல்ல மாட்டேன்.

நவம்பர் 21, ஞாயிறு

நீலச் சோபா. டீ. கூடத்தில் எட்டுப் பத்துப் பெண்கள். லேடி ஹார்விங்டன் என்னை ஜன்னலோரம் இழுத்துக்கொண்டு போனாள்.

"அகஸ்டா, ஒண்ணும் புரியல. ஒரு பக்கம் அந்த டோல் பொண்ணு, சாத்தின கதவு. இன்னொரு பக்கம் நீ மேடையில கையை விட மாட்டேங்கறே. பிரபுவே கேட்கிறார், கார்ஸ்டன் கிட்ட என்ன கோளாறு, ஏன் எல்லாரும் அவரைப் பிடிச்சுக்கிட்டே இருக்கீங்கன்னு."

அந்த ஆள் மோப்பம் பிடித்துவிட்டார். இன்னும் ஒரு வாரம் யோசித்தால் தெரிந்துவிடும். ஏதாவது சொல்லியாக வேண்டும், இப்போதே.

"அந்தப் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல" என்றேன். "அது என் கடிதத்தைக் கொண்டுபோய்க் குடுக்கும், அவர் கடிதத்தை வாங்கிட்டு வரும். அவ்வளவுதான். வேற யாரும் இல்ல. நான்தான்."

"நீயா?"

"நான்தான்."

"எத்தனை நாளா?"

"ரொம்ப நாளா."

லேடி என்னை விட்டு ஓரடி நகர்ந்து நின்றாள். பட்டுப் பாவாடை சரசரத்தது. "உன்னை நான் என் பெண்களோட உட்காரவச்சேன்" என்றாள். கெட்ட பெண்மணி இல்லை. உண்மையாகவே மனம் புண்பட்டுப் போனாள். விடுதிக்காரியிடம் பேசி ஹெஸ்டருக்கு இடம் வாங்கித் தரும்படி கேட்டேன். தலையசைத்தாள். கோப்பையை வைத்துவிட்டு முன்வாசல் வழியாகத்தான் வெளியே வந்தேன்.

நவம்பர் 23, செவ்வாய்

ஓட்லிக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. என் அறை வாசலில் வந்து தொப்பியைத் திருகிக்கொண்டு நின்றான்.

"முதலாளிகிட்ட சொல்லணும் மேடம். இது நியாயமே இல்ல."

"சொன்னியானா, உன் பேனாவை உடைச்சு ஜன்னல் வழியா எறிஞ்சுடுவேன். அவருக்குத் தெரிஞ்சா நேரா போய் உண்மையைச் சொல்லிட்டு வருவார். அப்புறம் குத்தகை?"

"பிரபு கேள்விப்பட்டுட்டு விழுந்து விழுந்து சிரிச்சாராம் மேடம். 'கார்ஸ்டன் பலே ஆளு'ன்னாராம். அதுக்கப்புறம் கோளாறு, கீளாறுன்னு ஒரு பேச்சு இல்ல."

சிரிப்பார். ஆண்களுக்கு இது ஒரு சுவாரசியம், அவ்வளவுதான்.

டிசம்பர் 5, ஞாயிறு

அழைப்பு வரவில்லை. வீட்டில் இருந்தேன். பழைய கையுறைகளைத் தைத்தேன்.

டிசம்பர் 19, ஞாயிறு

நேற்று குத்தகை கையெழுத்தாகிவிட்டது, இன்னும் ஏழு வருஷத்துக்கு. ஹெஸ்டர் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு முத்தம் கொடுத்தாள். அவளுக்கு பிரிஸ்டலில் ஒரு கம்பெனியில் பெரிய வேஷம் கிடைத்திருக்கிறது, புத்தாண்டுக்குப் போகிறாள். போகிறதற்குள் என்னையும் வாயசைத்துப் பேசப் பழக்கிவிட்டாள். நான் வார்த்தைகளை மென்று துப்புகிறேனாம்.

ராத்திரி ஆட்டம் முடிந்து மேடையில் விருந்து. வாத்து வறுவல், பிளம் புட்டிங். நீதிபதி வந்தார், ஓவியர்கள் வந்தார்கள், லார்ட் ஹார்விங்டன் வந்தார். மனைவிமார் ஒருத்தரும் வரவில்லை. வருகிறோம் என்று பதில் எழுதியிருந்தவர்களும் வரவில்லை. அவர்களுக்காகப் போட்ட நாற்காலிகளை ஓட்லி ஒவ்வொன்றாகச் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டிருந்தான்.

அம்ப்ரோஸ் மேசையைச் சுற்றிப் பார்த்தார். அவருக்குத் தன் குரல் எவ்வளவு பெரிதாக வருகிறது என்று இப்போதெல்லாம் தெரிவதில்லை.

"என்ன கஸ்ஸி, இன்னிக்கு ஒரு பொம்பளையும் காணோம்?"

பிரபு தன் தட்டைப் பார்த்துச் சிரித்தார். நீதிபதி இருமினார். லண்டனே ஒரு மாதமாகப் பேசுகிற விஷயம், சம்பந்தப்பட்ட ஒரே ஒரு மனுஷருக்கு மட்டும் அது போய்ச் சேரவில்லை. யாரும் அவர் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். முகத்துக்கு நேரே சொல்லாதது எதுவும் இனி அவருக்குத் தெரியப் போவதில்லை.

நான் அவர் பக்கம் நன்றாகத் திரும்பினேன். மெதுவாக, தெளிவாகச் சொன்னேன்.

"வெளியில ரொம்பப் பனி. குதிரை வழுக்கும்னு யாரும் வரல."

என் உதட்டை ஒரு எழுத்து விடாமல் படித்தார். படிக்க முடிந்துவிட்ட சந்தோஷம் அவர் முகத்தில் தெரிந்தது.

"பாவம்" என்றார், வாத்தை வெட்டி முதல் துண்டை என் தட்டில் வைத்துக்கொண்டே. "நல்ல சாப்பாட்டை விட்டுட்டாங்க."

"ஆமா" என்றேன்.